தக்காளி பாட்டில்களும் என் 78 கிலோவும்

எடை குறைக்க வேண்டும் என்று யாரிடம் போய் நின்றாலும் முதலில் வருகிற அறிவுரை ஒன்றுதான்: வீட்டில் தின்பதற்கு எதையும் வாங்கி வைக்காதே, கண்ணில் பட்டால்தானே கை போகும். நல்ல யோசனைதான், குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அது நடக்காது. இங்கே அலமாரி எப்போதும் நிறைந்துதான் இருக்க வேண்டும். காரணம் என் மகள்.

அவளை நாங்கள் தத்தெடுத்தோம். வந்தபோது ஐந்து வயது முடியவில்லை. வந்த புதிதில் தலையணை உறைக்குள் பிஸ்கட் இருக்கும், பள்ளிக்கூடப் பைக்குள் பாதி இட்லி இருக்கும், ஜன்னல் திரைக்குப் பின்னால் காய்ந்து விறைத்த சப்பாத்தித் துண்டு இருக்கும். எறும்பு வரிசை எங்கே போகிறது என்று பின்னாலேயே போய்த்தான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். அவள் இருந்த இல்லத்தில் பட்டினி போட்டார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம், நேரத்துக்குச் சாப்பாடு கொடுத்திருக்கிறார்கள், நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே அந்தந்த நேரத்துக்குத்தான் சாப்பாடு, நடுவில் பசித்தால் காத்திருக்க வேண்டும். இப்படி வளர்ந்த குழந்தைகள் சாப்பாட்டை ஒளித்து வைப்பது சகஜம் என்று சமூகப் பணியாளர் அம்மா எங்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார். திட்டாதீர்கள், ஒளித்ததை அவள் கண் முன்னால் எடுத்துக் குப்பையில் போடாதீர்கள், அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் அவளுக்கென்று ஒரு டப்பா வையுங்கள், அது மட்டும் காலியாகவே கூடாது என்றார்.

(அவள் கதையில் இதற்கு மேல் இங்கே எழுதமாட்டேன். அது அவளுடையது, பெரியவளாகி அவளாகச் சொன்னால் சொல்லட்டும். இந்த அளவுக்குக்கூட அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எறும்பு வந்ததையும் எழுதும்மா" என்றாள்.)

அந்த டப்பா இன்னும் இருக்கிறது. அதோடு சேர்ந்து என் எடையும் ஏறியது. எப்படி என்று கேட்டால் அதற்கும் அதே காரணம்தான். மூன்று தோசை வேண்டும் என்பாள், ஒன்றைச் சாப்பிடுவாள், இரண்டு தட்டில் கிடக்கும். வேண்டாம் என்று கேட்காமல் இருந்தால் அப்புறம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் அது. அந்த இரண்டு தோசையை அவள் பார்க்க நான் எப்படிக் கொட்டுவேன்? என் வயிற்றுக்குள் போட்டுக்கொண்டேன். இரவில் தனியாகச் சாப்பிடமாட்டாள், கூட உட்கார்ந்து நாமும் ஒரு வாய் சாப்பிட வேண்டும், அந்த ஒரு வாய் எப்போதும் ஒரு வாயாக இருந்ததில்லை. அவள் வருவதற்கு முன்னால் 71 கிலோ இருந்தவள் 78க்குப் போய் நின்றேன். பக்கத்து வீட்டு அக்கா, எல்லாம் தெரிந்தவர்தான், அவரே ஒருநாள் "பிள்ளை பெத்த உடம்பு மாதிரி ஆயிட்டியேம்மா" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. ஒரு விதத்தில் அது உண்மைதானே.

இதில் வேடிக்கை என்னவென்றால், தத்தெடுக்கப் பதிவு செய்யும்போது அரசாங்கம் நம் உடம்பைப் பற்றி நன்றாகவே விசாரிக்கிறது. மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்து, வருமானச் சான்று, திருமணச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் ஏற்றும்போது கூடவே மருத்துவச் சான்றும் கேட்பார்கள், நாள்பட்ட, ஆபத்தான நோய் எதுவும் இல்லை என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். பிறகு வீட்டாய்வுக்கு ஆள் வருவார்கள். புருஷன் பெண்டாட்டி வயதைக் கூட்டிப் பார்ப்பார்கள். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தை என்றால் கூட்டுத்தொகை 85ஐத் தாண்டக் கூடாது, நான்கு வரை 90, நான்கிலிருந்து எட்டு வயது வரை என்றால் 100. 2022 விதிமுறை இது. அந்த வருடம் செப்டம்பரிலிருந்து தத்து ஆணையை நீதிமன்றம் தருவதில்லை, மாவட்ட ஆட்சியரே தருகிறார். ஆணை வந்த பிறகு பிறப்புச் சான்றிதழில் நம் பெயர் ஏறும், குழந்தை நம் கைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து குழந்தை எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவிட்டுப் போவார்கள். குழந்தையைத்தான் பார்ப்பார்கள். அம்மாவின் சர்க்கரை அளவை யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கவும் தேவையில்லை, அது என் பாடு.

என் பாட்டை நானே பார்த்துக்கொள்ள வைத்தது ஒரு ரத்தப் பரிசோதனை. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி, அந்த எச்பிஏ1சி, 6.1 வந்தது. 5.7லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்திய நிலை என்கிறார்கள், அதில் நடுவில் நிற்கிறேன். நம் ஊர் உடம்புக்கு வெள்ளைக்காரர் கணக்கு பொருந்தாது, உயரத்துக்கு எடை பார்க்கிற பிஎம்ஐ கணக்கு 23 தாண்டினாலே அதிக எடை, பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டு இஞ்ச் டேப்பை எடுத்தார். அந்த எண்ணை இங்கே எழுதமாட்டேன், எழுதினால் என் நாத்தனார் படித்துவிடுவார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவளுக்கு இருபது வயதாகும்போது எனக்கு ஐம்பத்தாறு. ஏற்கெனவே ஒரு முறை ஆளில்லாமல் நின்ற பிள்ளை. அதற்கு மேல் யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை, நடக்க ஆரம்பித்தேன்.

எனக்குத் தைரியம் கொடுத்தது ஒரு பழைய ஆராய்ச்சி. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை வரும் விளிம்பில் இருந்தவர்களை வைத்துச் செய்தது, 2006ல் வெளிவந்தது. சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. அதுவும் எடை பெரிதாகக் குறையாமலே. தராசு முள் அசையவில்லை என்று அழுதுகொண்டிருக்கும் வாரங்களில் இதை நினைத்துக்கொள்வேன். முள் அசையாவிட்டாலும் உள்ளே ஏதோ நடக்கிறது.

சரி, அலமாரிக்கு வருவோம். வீட்டில் எதுவும் வைக்காமல் இருக்க முடியாது என்றால், வைப்பதை மாற்ற வேண்டும். மகளின் டப்பாவில் இப்போது வறுத்த வேர்க்கடலை, பொரி, பேரீச்சம்பழம், அப்புறம் அவள் விரும்பிக் கேட்கிற ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கட். அந்த பிஸ்கட்டை நான் நிறுத்தவில்லை, நிறுத்தவும் மாட்டேன். தட்டில் மிஞ்சுவதற்கு ஒரு எவர்சில்வர் தூக்கு வாங்கினேன், அதில் அவள் பெயர் வெட்டி இருக்கிறது. மிஞ்சின தோசையை அவளே அதில் போட்டு, அவளே ஃப்ரிட்ஜில் வைப்பாள். காலையில் வேண்டுமென்றால் அது அவளுக்குத்தான், யாரும் தொடமாட்டோம். பெரும்பாலும் காலையில் அவள் அதை மறந்துவிடுவாள், அப்போது அது தெருமுனை நாய்க்குப் போகும். என் வயிற்றுக்கு வராது, அதுதான் முக்கியம். என்னைக் கேட்டால், குறைந்த கிலோவில் பாதி இந்தத் தூக்கால் குறைந்ததுதான்.

மீதிப் பாதிக்குத் தக்காளி.

நாங்கள் இருப்பது ஓசூரில். பக்கத்தில் ராயக்கோட்டை, தக்காளிக்குப் பேர்போன சந்தை. இங்கே தக்காளி விலைக்கு ஒரு நிதானமே கிடையாது. 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டிப் போய், சென்னையில் ரேஷன் கடைகளில் வைத்து 60 ரூபாய்க்கு விற்றார்கள், நினைவிருக்கும். வேறு சில மாதங்களில் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாமல் விவசாயிகள் சாலை ஓரத்தில் கொட்டிவிட்டுப் போவார்கள். கொட்டிக் கிடக்கிற தக்காளியைப் பார்த்துக்கொண்டே வண்டியில் போவது எனக்கு எப்போதும் ஒப்பாது. விலை இறங்கும்போது பெட்டி பெட்டியாக வாங்கித் தொக்கு கிளறுவது எங்கள் வீட்டில் அத்தை காலத்திலிருந்து வழக்கம்.

தொக்கில் என்ன பிரச்சினை? எண்ணெய். ஒரு கிலோ தக்காளிக்கு 150 மில்லி நல்லெண்ணெயாவது ஊற்றினால்தான் அத்தைக்குத் தொக்கு, மேலே எண்ணெய் பிரிந்து மிதக்க வேண்டும், அப்போதுதான் கெடாது. அந்த 150 மில்லியில் மட்டும் 1200 கலோரிக்கு மேல் இருக்கிறது. அதே ஒரு கிலோ தக்காளியில் மொத்தமே 200க்குள். உப்பும் கை நிறையப் போகும். இதைச் சுடுசோற்றில் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தால் நிறுத்த ஆள் வேண்டும்.

அப்போதுதான் பாட்டிலில் அடைத்து வேகவைத்துச் சேமிக்கிற முறையைப் படிக்க ஆரம்பித்தேன், அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு செய்கிற கேனிங். இதில் எண்ணெய் இல்லை. உப்புகூடக் கட்டாயம் இல்லை, ருசிக்கு வேண்டுமானால் போடலாம், கெடாமல் காப்பது உப்பு அல்ல. புளிப்பும் சூடும் காற்றுப் புகாத மூடியும்தான் காக்கின்றன. பாட்டிலுக்குள் காற்று இல்லாத இடத்தில் வளர்கிற ஒரு கிருமி உண்டு, கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம், அது விடுகிற நஞ்சு ஆளையே கொல்லும், பார்வைக்கும் வாசனைக்கும் தெரியாமலே இருக்கலாம். புளிப்பை அளக்கிற பிஎச் எண் (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6க்குக் கீழே இருந்தால் அது வளராது. தக்காளி அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிற சாதி, ஒரு செடி இந்தப் பக்கம், இன்னொரு செடி அந்தப் பக்கம். அதனால் ஒவ்வொரு பாட்டிலிலும் சிட்ரிக் ஆசிட் போட்டே ஆக வேண்டும், ஒரு பைண்ட் பாட்டிலுக்குக் கால் டீஸ்பூன். என்னுடையது அரை லிட்டர் பாட்டில், பைண்ட்டைவிடக் கொஞ்சம் பெரிது, அதனால் கொஞ்சம் கூடவே போடுவேன். நம் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஊற்றினால் ஆகாதா என்று அத்தை கேட்டார். ஒவ்வொரு பழத்துக்கும் புளிப்பு மாறும் அத்தை, நம்ப முடியாது என்றேன். "பழத்தை நம்பமாட்டா, பவுடரை நம்புவா" என்று மகளிடம் சொல்லிக்கொண்டு போனார்.

செய்முறை பெரிய வித்தை இல்லை, பொறுமை வேண்டும். தக்காளியைக் கழுவி, கொதிக்கிற தண்ணீரில் அரை நிமிடம், ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் தோல் சுருண்டு வரும், உரித்துவிட்டு, கொஞ்சத்தை மட்டும் மசித்துக் கொதிக்க விட்டு, மீதியைக் காலாகக் கீறி அதில் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, சூடாகவே சூடான பாட்டிலில் ஊற்ற வேண்டும். மேலே அரை அங்குலம் காலி விட வேண்டும். உள்ளே குமிழி இருந்தால் ஒரு குச்சியை விட்டுக் கிளறி எடுத்துவிட்டு, வாய் விளிம்பை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், இந்தத் துடைப்பில் சோம்பல்பட்டால் மூடி பிடிக்காது. மூடியை விரல் நுனியால் திருகினால் போதும், பலம் கொண்ட மட்டும் இறுக்கக் கூடாது, உள்ளே இருக்கிற காற்று வெளியே போக வழி வேண்டும். அப்புறம் பெரிய அண்டாவில், அடியில் இட்லித் தட்டைக் கவிழ்த்துப் போட்டு, பாட்டில்கள் முழுகி மேலே இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்கும்படி வைத்துக் கொதிக்க விட வேண்டும்.

எவ்வளவு நேரம் என்பதில்தான் ஓசூர் நுழைகிறது. நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, 97 சுமாருக்கே கொதித்துவிடுகிறது. அதனால் அமெரிக்க வேளாண் துறைக் கணக்குப்படி ஆயிரம் அடிக்கு மேல், மூவாயிரம் அடி வரை ஐந்து நிமிடம் கூட்ட வேண்டும். மசித்த தக்காளி பைண்ட் பாட்டிலுக்குக் கடலோர ஊரில் 35 நிமிடம் என்றால் இங்கே 40. இரண்டு பைண்ட் கொள்கிற பெரிய குவார்ட் பாட்டிலுக்கு 50. அரை லிட்டருக்கு இடைப்பட்ட கணக்கு கிடையாது, பெரிய பாட்டில் கணக்கையே எடுத்துக்கொள்ள வேண்டும், ஆகவே 50. சென்னையில் இருக்கிற தங்கைக்கு 45 போதும். அவள் கேட்டால் நான் 50 என்றுதான் சொல்வேன், அவள் கடிகாரம் எப்போதும் முந்தி ஓடும்.

குக்கரில் வைத்துச் சாம்பார், பொரியல், கோழிக்குழம்பு எல்லாம் இப்படிப் பாட்டிலில் அடைக்கலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். கூடாது. புளிப்பில்லாத பண்டத்துக்கு 116, 121 டிகிரி சூட்டில் நீண்ட நேரம் வைக்கிற தனி பிரஷர் கேனர் வேண்டும், நம் விசில் குக்கரை யாரும் அதற்காகச் சோதித்து நேரம் எழுதி வைக்கவில்லை. அதேபோல பூண்டு, வெங்காயம், எண்ணெய் எதையும் தக்காளி பாட்டிலில் உங்கள் இஷ்டத்துக்குச் சேர்க்காதீர்கள். தாளிப்பெல்லாம் திறந்த பிறகு. இந்த விஷயத்தில் நான் கறார்.

அடுப்பிலிருந்து எடுத்துத் துணி விரித்த மேசையில் வைத்தால், ஆறும்போது மூடி உள்ளே இழுத்துக்கொண்டு "டிங்" என்று ஒரு சத்தம் வரும். என் மகளுக்கு அந்தச் சத்தத்துக்காகவே தக்காளி சீசன் வேண்டும். நாற்காலியைப் போட்டு எதிரில் உட்கார்ந்து எண்ணுவாள். மறுநாள் ஒவ்வொரு மூடியையும் நடுவில் அழுத்திப் பார்ப்பது அவள் வேலை, குழிந்து அசையாமல் இருந்தால் பாஸ், மேலும் கீழும் துள்ளினால் அது ஃப்ரிட்ஜுக்குப் போய் அந்த வாரமே ரசமாகிவிடும். தேதி எழுதி ஒட்டுவதும் அவள்தான். அலமாரியில் எந்த பாட்டிலை முன்னால் வைக்க வேண்டும், எது பின்னால் என்று அவளுக்கு ஒரு சட்டம் இருக்கிறது, நான் மாற்றி வைத்தால் கண்டுபிடித்துவிடுவாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பையைக் கழற்றுவாள். தலையணை உறைக்குள் பிஸ்கட் கிடைத்து ரொம்ப நாளாகிறது. இது பாட்டிலால் வந்ததா, வயது ஏறியதால் வந்ததா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

எடைக்கு இதில் என்ன லாபம் என்றால், சாயங்காலம்தான். என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடித்து வருகிற நேரம், மகளுக்கு வீட்டுப்பாடம், எனக்குக் கை ஓயாத நேரம், அப்போது முன்பெல்லாம் கடையில் பரோட்டா வாங்கிவிடுவோம். இப்போது ஒரு பாட்டிலைத் திறந்தால் பத்து நிமிடத்தில் தக்காளிக் குழம்போ பருப்புக் கடைசலோ ஆகிவிடுகிறது, ஒரு டீஸ்பூன் எண்ணெயில் தாளிப்பு, அளந்துதான் ஊற்றுவேன். கூட ராகிக் களி. களி சாப்பிட்டால் எடை குறையும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள், அப்படி ஒன்றும் இல்லை, எடைக்கு எடை பார்த்தால் ராகியும் அரிசியும் கலோரியில் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு உருண்டைக்கு மேல் இறங்காது, அவ்வளவுதான் ரகசியம். மார்கழி, தை மாதத்தில் பிதுக்கம்பருப்புக் குழம்பு வைத்தால் மட்டும் இரண்டாவது உருண்டையும் இறங்கிவிடும், அதற்கு நான் வருத்தப்படுவதாக இல்லை.

காலையில் ராமநாயக்கன் ஏரிக்கரைப் பக்கம் நடை. லீவு நாளில் மகளோடு சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயில் படி. அவள் ஓடி ஏறி மேலே நின்று "சீக்கிரம் வாம்மா" என்று கத்துவாள், நான் பாதியில் நின்று மூச்சு வாங்குவேன், இப்போது அந்த நிறுத்தம் ஒன்றிரண்டு குறைந்திருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, எடை 70. எச்பிஏ1சி 5.8. 5.7 என்ற கோட்டுக்கு இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை, ஆனால் டாக்டர் மாத்திரை எழுதாமல் ஆறு மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார்.

அத்தைக்கு மட்டும் இந்த பாட்டில் தக்காளியில் மனசு ஒட்டவே இல்லை. "உப்பு இல்லை, உறைப்பு இல்லை, ஆஸ்பத்திரி சாப்பாடு" என்பார். வருடத்துக்கு ஒரு சின்ன ஜாடி தொக்கு அவருக்கென்று கிளறிக் கொடுத்துவிடுகிறேன், ஜாடி அவர் அறையில் இருக்கும், நான் எட்டிப் பார்ப்பதில்லை. பேத்தி எட்டிப் பார்க்கிறாள் என்று தெரியும்.

ராயக்கோட்டையில் விலை மறுபடி இறங்குகிறதாம், பால்காரர் சொன்னார். சனிக்கிழமை போய் இரண்டு பெட்டி எடுத்து வர வேண்டும். பாட்டில் இருக்கிறது, மூடி பத்தாது, ஒரு முறை போட்ட மூடியை மறுபடி போடக் கூடாது, புதிதாக ஆர்டர் போட்டிருக்கிறேன். வெள்ளிக்குள் வந்து சேராவிட்டால் இரண்டு பெட்டியும் தொக்குதான், அத்தைக்குக் கொண்டாட்டம்.